பதினான்கு புள்ளி ஏழும் கரட்டுமேட்டு நால்வரும்

பொள்ளாச்சி ரோட்டில் எங்கே வண்டி நின்றுபோனாலும், கூட்டத்தில் யாராவது ஒருவர் வந்து, "என்ன வேணா பண்ணுங்க, கரட்டுமேட்டுக்கு மட்டும் தள்ளிட்டுப் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது கரட்டுமேட்டு ஒர்க்‌ஷாப்பைத்தான். அங்கே இருக்கிற நால்வரும் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருடத் தெரியாது, பொய் சொல்ல வராது, வேலை என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார்கள். யோசிப்பது ஒன்றுதான் அவர்களுக்குக் கொஞ்சம் ஆகாது.

முதலாளி பேர் சென்னியப்பன். நாற்பத்து மூன்று வயது. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலுள்ள பந்தயப் பாதையில் பழைய கார்களுக்கென்று ஆறு சுற்றுப் பந்தயம் வைப்பார்கள். அதில் ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் அவர் பேராசைப்படவில்லை. முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசிச் சுற்று முடிகிற இடத்தில் கட்டம் போட்ட கொடியை ஆட்டுவார்களே, அதை வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஐந்து வருஷமாகப் போகிறார். ஐந்து வருஷமும் கொடியைப் பார்க்கவில்லை.

போன வருஷம் இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் வெந்துபோய் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிட்டது. காரணம், வயரிங் வேலை பார்க்கிற வெள்ளியங்கிரி. சென்னியப்பனுக்கு அத்தை மகன். பெட்ரோல் போகிற துளை சின்னதாக இருந்தால் பெட்ரோல் மிச்சமாகுமே என்று சொந்தமாக யோசித்து, துளையைப் பாதி அடைத்துவிட்டான். பெட்ரோல் மிச்சமானது உண்மைதான். எஞ்சின்தான் மிஞ்சவில்லை.

மூன்றாவது ஆள் நஞ்சப்பன். வெல்டிங், துளை போடுவது, தூக்குவது, தள்ளுவது எல்லாம் அவன். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசுவான், அந்த நாலையும் எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். நாலாவது, பக்கத்து ஜெராக்ஸ் கடை கோமளா. அவளிடம் லேப்டாப் இருந்ததால் அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று மற்ற மூவரும் முடிவு செய்து, குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

இந்த வருஷம் பந்தயத்துக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. வண்டிகளைப் பரிசோதிக்கிற அதிகாரி ஸ்டீபன் ஞானராஜ் நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பானவர். போன வருஷம் சென்னியப்பனின் எஞ்சின் எண்ணெயைப் பாதை முழுக்கத் தெளித்ததில், அவருடைய வெள்ளை பேண்ட்டும் போயிருந்தது. அதனால் சென்னியப்பனைக் கூப்பிட்டுத் தனியாகவே சொல்லிவிட்டார். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் மாட்டி, எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் எரிகின்றன என்று பத்து நிமிஷம் லேப்டாப்பில் பதிவு பண்ணி, அந்தப் பதிவைச் சனிக்கிழமை கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கேலரியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்ன வேண்டியதுதான்.

சென்னியப்பன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சென்னையில் பிரபாகர் என்று ஒருவர் அந்தச் சென்சாரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு வரவழைத்தார். புதன்கிழமை காலையில் பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால், விரல் நீளத்துக்கு ஒரு சென்சார், அதன் வாலில் ஒயர், ஒரு சின்னப் பெட்டி, லேப்டாப்பில் சொருக ஒரு கேபிள். அத்துடன் பிரபாகரின் போன் நம்பர்.

போன் பண்ணுவதற்கு முன்னால் சென்னியப்பன் மற்ற மூவரையும் ஜாக்கியைச் சுற்றி நிற்க வைத்தார். போன வருஷம் வண்டி கெட்டது சொந்த புத்தியால். ஆகவே இந்தத் தடவை யாரும் சொந்தமாக ஒன்றும் யோசிக்கக் கூடாது. அந்தச் சென்னைக்காரர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே செய்ய வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஜாக்கியைத் தொட்டு நால்வரும் சத்தியம் செய்தார்கள். சத்தியத்தைக் காப்பாற்ற அவர்களுக்குப் பெரிய கஷ்டமும் இருக்கவில்லை.

பிரபாகர் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கோமளா ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை விடாமல் என்றால் நிஜமாகவே ஒரு வார்த்தை விடாமல். நோட்டில் முதல் கட்டளை, "ஹலோ, கேட்குதுங்களா?" என்றிருந்தது. ஆகவே வேலை தொடங்குமுன் நஞ்சப்பன் குனிந்து சென்சாரின் பக்கத்தில் வாயை வைத்து, "ஹலோ, கேக்குதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். பதில் வரவில்லை. பதில் வர வேண்டும் என்று நோட்டில் இல்லாததால் அடுத்த வரிக்குப் போனார்கள்.

அடுத்த வரி, சென்சாரைக் கீழே போடக் கூடாது, ஒரு தடவை கீழே விழுந்துவிட்டால் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான் என்பது. கோமளா இதை உரக்க வாசித்தாளா, சென்சாரைப் பிடித்திருந்த வெள்ளியங்கிரி அவளைத் திரும்பிப் பார்த்தானா, அது நழுவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவளுடைய மடியில் விழுந்துவிட்டது.

 அப்புறம் பஞ்சாயத்து கூடியது.

"விழுந்துடுச்சு மச்சா," என்றான் வெள்ளியங்கிரி, அழாத குறையாக. "எறிஞ்சற வேண்டீதுதான்."

"கீழ விழுந்தாத்தானுங்கண்ணா எறியோணும்," என்றாள் கோமளா. "இது என்ற மடிலதானுங்க விழுந்துச்சு. மடி கீழயா?"

சென்னியப்பன் ரொம்ப நேரம் மோவாயைத் தடவினார். "மாப்ளயோட கைக்கு, உன்ற மடி கீழதானே அம்மிணி?"

"தரைக்கு மேலதானுங்களே."

எல்லோரும் நஞ்சப்பனைப் பார்த்தார்கள். அவன் கைக்கும் தரைக்கும் நடுவே மடி எங்கே இருக்கிறது என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார்த்துவிட்டு, "பாதி விழுந்திருக்குதுங்க," என்றான்.

பாதி விழுந்த சென்சாரைப் பாதி தூக்கி எறிந்தால் போதும் என்று தீர்ப்பானது. வெள்ளியங்கிரி ஒர்க்‌ஷாப்பின் இந்தக் கோடியிலிருந்து எறிய, நடுவில் நின்ற நஞ்சப்பன் இரண்டு கையாலும் பிடித்தான். கட்டளை நிறைவேறியது. சென்னியப்பனுக்கு நெற்றி வேர்த்து ஊற்றிவிட்டது, பாவம்.

மூன்றாவது வரி கொஞ்சம் பெரிய வேலை. சென்சாரைக் குழாயில் மாட்டுவதற்கு முன்னால் சுத்தமான காற்றில் தொங்கவிட்டு, லேப்டாப் சாஃப்ட்வேரில் ஒரு பொத்தானை அழுத்தி, அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சுத்தமான காற்று எங்கே இருக்கிறது? கரட்டுமேட்டில் வடக்கே ஸ்பின்னிங் மில், தெற்கே பஸ் ஸ்டாண்ட், ஒர்க்‌ஷாப்புக்குள் நஞ்சப்பனின் பீடி. வாசலில் மூக்கை நீட்டி ஆளுக்கொரு தடவை முகர்ந்து பார்த்தார்கள். மீன் கடை வாசம் வந்தது. இது ஆகாது என்று ஒருமனதாக முடிவானது.

சுத்தமான காற்று மலைமேலேதான் இருக்கும். சரி, வண்டியையும் பேட்டரியையும் சென்சாரையும் மலைக்குக் கொண்டு போவதா? வழியில் குலுங்கி விழுந்தால் மறுபடியும் பாதி எறிய வேண்டும், முழுசாகவே எறிய வேண்டி வந்தாலும் வரலாம். அதனால் காற்றைக் கீழே கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். வியாழக்கிழமை விடிந்ததும் வெள்ளியங்கிரியின் லோடு ஆட்டோவில் நாலு லாரி டியூப்பையும் ஒரு கைப்பம்பையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார்கள்.

மலைமேலும் சாமான்யத்தில் இடம் அமையவில்லை. ஒரு இடத்தில் பஸ் புகை, ஒரு இடத்தில் டீத் தோட்டத்து மருந்து. கடைசியில் ஒரு பாறை மேல் ஏறி, நஞ்சப்பன் பம்பு அடித்தான். அவன் பீடி மூச்சு உள்ளே போய்விடக் கூடாதென்று வாயில் துண்டைக் கட்டிவிட்டார்கள். நாலு டியூப்பும் நிறைய இரண்டு மணி நேரம் ஆனது.

இறங்கும்போது வனத்துறைச் சோதனைச் சாவடியில் ஒரு காவலர் ஆட்டோவை நிறுத்தி, டியூப்புக்குள் என்ன என்று கேட்டார். சென்னியப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாதே. "காத்துங்க," என்றார். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டதற்கு, மேலே பாறையிலிருந்து என்றார். காவலர் ஒரு டியூப்பைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், உள்ளே போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். தேன், விறகு, கடுக்காய் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. காற்றுக்கு இல்லை. இனிமேல் எடுப்பதாக இருந்தால் சொல்லிவிட்டு எடுக்கும்படி புத்தி சொல்லி அனுப்பிவைத்தார்.

ஒர்க்‌ஷாப்பில் சென்சாரைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டு, பெட்டியைப் பேட்டரிக்கும் லேப்டாப்புக்கும் இணைத்தார்கள். வெள்ளியங்கிரி வயரிங்கில் கெட்டிக்காரன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். யோசிக்காத வரைக்கும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நஞ்சப்பன் டியூப்பின் வாயைத் திறந்து மலைக்காற்றைச் சென்சார் மேல் பீய்ச்ச, கோமளா பொத்தானை அழுத்தினாள். திரையில் சுத்தமான காற்றுக்கு உரிய நம்பர், இருபது புள்ளி ஒன்பது என்று வந்து, பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. வாசலில் தொங்கவிட்டிருந்தாலும் அது எரிந்திருக்கும். அதை அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை நாலாவது வரி. சென்சாருக்காகப் புகைக்குழாயில் துளை போட வேண்டும். அடிப்பக்கம் போட்டால் தண்ணீர் இறங்கிச் சென்சார் கெட்டுவிடும். ஆகவே குழாயை நேருக்கு நேர் பார்த்தால், கடிகாரத்தில் பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் எந்த இடம் வருமோ அந்த இடத்தில் போடச் சொல்லியிருந்தார் பிரபாகர்.

"கடிகாரம் வேணும்," என்றார் சென்னியப்பன்.

அவருடைய கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். குழாயில் நேருக்கு நேராக வைத்துக் கம்பியால் கட்டினார்கள். பத்து எங்கே, இரண்டு எங்கே என்று கோமளா விரல் வைத்துக் காட்ட, சரியாகப் பன்னிரண்டின் மேல் நஞ்சப்பன் டிரில்லை வைத்தான். வைக்குமுன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத் துளை போடுவதா, கழற்றாமல் போடுவதா? கோமளா நோட்டை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். கழற்றச் சொல்லி எங்கேயும் இல்லை.

கண்ணாடி தெறித்தது, முள் இரண்டும் பறந்தது, டிரில் கடிகாரத்தைத் துளைத்துக் குழாயையும் துளைத்தது. சென்னியப்பன் சிதறிய முள் இரண்டையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொடியைப் பார்ப்பதற்காக அவர் எதையும் இழக்கத் தயாராக இருந்தார். மாமனார் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்பது திங்கட்கிழமைக் கவலை. கேட்டால் நம்ப மாட்டீர்கள், துளை மிகச் சரியான இடத்தில் அமைந்தது. சென்சாரைத் திருகி மாட்டினார்கள்.

ஐந்தாவது வரிதான் முக்கியமானது. வண்டியை நியூட்ரலில் வைத்து, சாஃப்ட்வேரில் பதிவுப் பொத்தானை அழுத்தி, பத்து நிமிஷம் பதிவு பண்ண வேண்டும். நம்பர் பதினாலு புள்ளி ஏழில் நிற்க வேண்டும், அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலு புள்ளி ஏழு பங்கு காற்று. காற்று ஜாஸ்தியாக இருந்தால் நம்பர் ஏறும், காற்றைக் குறைத்தால் இறங்கும்.

சென்னியப்பன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கியரை நியூட்ரலில் வைத்தார். கோமளா பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் நம்பரைப் பார்த்தார்கள். இருபது புள்ளி ஒன்பது.

"காத்து ஜாஸ்தியா இருக்குதுங்கண்ணா," என்றாள் கோமளா.

காற்றைக் குறைக்க வேண்டும். முதலில் ஃபேனை நிறுத்தினார்கள். நம்பர் அசையவில்லை. கார் ஜன்னல்களை ஏற்றினார்கள். அசையவில்லை. வண்டியிலேயே காற்று எங்கே அதிகமாக இருக்கிறது என்று வெள்ளியங்கிரி கேட்டான். இது யோசனையில் சேருமா என்று அவனுக்கே சந்தேகம், ஆனால் கேள்விதானே கேட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். காற்று அதிகமாக இருப்பது டயரில். நாலு டயரிலும் புஸ்ஸென்று காற்றைப் பிடுங்கினார்கள். வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்தது, நம்பர் உட்காரவில்லை. டிக்கியில் இருந்த ஸ்டெப்னியிலும் பிடுங்கினார்கள். மிச்சமிருந்த மலைக்காற்று டியூப்புகளை ஒர்க்‌ஷாப்பை விட்டே வெளியேற்றினார்கள். கடைசியில் நஞ்சப்பன் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றான், முகம் சிவந்து கண் பிதுங்கும் வரைக்கும். இருபது புள்ளி ஒன்பது இருபது புள்ளி ஒன்பதாகவே இருந்தது.

சென்னியப்பனுக்கு உயிரே போய்விட்டது. நாளைக்குச் சனிக்கிழமை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆறாவது வருஷமும் கொடி இல்லை. கடைசியில் பிரபாகருக்குப் போன் போட்டு நடந்தது முழுவதையும் சொன்னார்.

 பிறகு பிரபாகர் மெதுவாகக் கேட்டார், "எஞ்சின் ஓடிட்டுத்தானே இருக்கு?"

சென்னியப்பன் மற்றவர்களைப் பார்த்தார். கோமளா நோட்டைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றார் சென்னியப்பன். "ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நீங்க சொல்லவே இல்லீங்களே."

பிரபாகர் அதற்கப்புறமும் போனை வைக்காமல் இருந்தார் பாருங்கள், அவரைப் பெற்றவர்கள் நல்லா இருக்கணும். முதலில் டயருக்குக் காற்றடியுங்கள், பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள், கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நம்பரை இறக்குங்கள் என்று சொன்னார். அப்படியே செய்தார்கள். எஞ்சின் உறுமியது, நம்பர் இறங்கியது. பதினேழு, பதினாறு, பதினைந்து, பதினாலு புள்ளி ஏழு. அங்கேயே நின்றது. பத்து நிமிஷம் அந்தப் பச்சைக் கோடு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சென்னியப்பன் சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பந்தயப் பாதையில் ஸ்டீபன் ஞானராஜ் முன்னால் வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். அவருக்குத் தலைக்குமேல் வேலை. கோமளா நீட்டிய லேப்டாப்பைப் பார்த்தார். நேர்க்கோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கரட்டுமேட்டிலிருந்து இப்படி ஒரு பதிவு வரும் என்று அவர் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சென்னியப்பனைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"இதோ பாருங்க சென்னியப்பன். பதிவு எடுத்தப்போ வண்டி எப்படி இருந்துச்சோ, நாளைக்கு முழுக்க அப்படியே இருக்கணும். ஒண்ணையும் மாத்தக் கூடாது. இந்த நம்பர் மாறுச்சுன்னா வெளியே அனுப்பிடுவேன்."

போன வருஷம் அந்தத் துளையை அடைத்த வேலையை மனதில் வைத்துத்தான் அவர் சொன்னார். கோமளா அதை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் காரைப் பந்தயப் பாதையிலேயே நிறுத்திவிட்டு வந்து, ஒர்க்‌ஷாப்பில் நால்வரும் உட்கார்ந்து, பதிவு எடுத்தபோது வண்டி எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினார்கள். சென்னியப்பன் டிரைவர் சீட்டில் இருந்தார். கோமளா பக்கத்தில் லேப்டாப்போடு இருந்தாள். மற்ற இருவரும் வெளியே இருந்தார்கள். எஞ்சின் ஓடியது. கியர்?

"நியூட்ரல்," என்றான் நஞ்சப்பன்.

நோட்டில் ஐந்தாவது வரியிலும் அப்படித்தான் இருந்தது.

"நியூட்ரல்ல வண்டி எப்படிங்கண்ணா ஓடும்?" என்று கோமளா கேட்டாள்.

"எஞ்சின் ஓடுமுல்ல அம்மிணி," என்றார் சென்னியப்பன். "அது ஓடறதைத்தானே அவரு பாக்கறாரு. வண்டியை ஓட்டறது நம்ம பொறுப்பு."

பதிவின்போது வெளியே இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு சுற்று, சுற்றுக்கு இரண்டு கிலோமீட்டர். நஞ்சப்பன் எழுந்து போய் செருப்பு வாரைத் தைக்க ஊசி தேடினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது கார்கள் வரிசையாக நின்றன. கொடி இறங்கியது. எட்டுக் கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. ஒன்பதாவது காரின் பின்னால் வெள்ளியங்கிரியும் நஞ்சப்பனும் தோளைக் கொடுத்து, "ஐலசா" என்றார்கள். கார் மெதுவாக நகர்ந்தது. உள்ளே எஞ்சின் அமைதியாக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, முன்னால் முதல் வளைவையே உற்றுப் பார்த்தபடி இருந்தார். நூறு அடிக்கு ஒரு தடவை கோமளா, "பதினாலு புள்ளி ஏழுங்கண்ணா," என்றாள்.

கேலரியில் சிரித்துச் சிரித்து ஒருவர் படியிலிருந்து உருண்டு விழுந்தார். மற்ற கார்கள் இவர்களை ஐந்தைந்து தடவை தாண்டிப் போயின. அவற்றில் மூன்று வழியிலேயே புகைவிட்டு நின்றன. அந்த மூன்றில் ஒன்றின் எஞ்சின் வெடித்தது. அதைக் கடந்து போகும்போது சென்னியப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்த டிரைவருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். கால் மணி நேரத்தில் பந்தயம் முடிந்து, பரிசும் கொடுத்தாகிவிட்டது. அப்போது சென்னியப்பன் முதல் சுற்றில் பாதியைத் தாண்டியிருந்தார்.

ஸ்டீபன் ஞானராஜ் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தார். நடந்தாலே பிடித்துவிடலாம் என்பது ஒரு சௌகரியம். எஞ்சின் நின்றுபோன வண்டியைத் தள்ளக் கூடாது என்று சட்டத்தில் தெளிவாக இருந்தது. ஓடுகிற எஞ்சினை வைத்துக்கொண்டு யாராவது தள்ளுவார்கள் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, ஜன்னல் பக்கமாகக் கூடவே நடந்தபடி, எதற்காகத் தள்ளுகிறீர்கள், கியர் போட்டால் என்ன என்று கேட்டார்.

"கியர் போட்டா நம்பர் மாறிடுமுங்க," என்றார் சென்னியப்பன், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

 தான் முந்தின நாள் என்ன சொன்னோம் என்பது ஸ்டீபன் ஞானராஜுக்கு ஞாபகம் வந்தது. போய் நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் நினைத்தால் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்தபின் அவருக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது சுற்றில் பெட்ரோல் தீர்கிற மாதிரி இருந்தது. எஞ்சினை நிறுத்தாமலே கேனில் கொண்டுவந்து ஊற்றினார்கள். நாலாவது சுற்றில் தோற்றுப்போன டிரைவர்கள் சிலர் இரக்கப்பட்டுத் தள்ள வந்தார்கள். பதிவு எடுத்தபோது வெளியே இரண்டு பேர்தான் இருந்தார்கள் என்று சொல்லி, நன்றியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது சுற்றில் வெள்ளியங்கிரி, காலம் பூராவும் இனி யோசிக்கவே மாட்டேன் என்று சத்தம் போட்டு அழுதுகொண்டே தள்ளினான்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு, கேலரியில் காக்கா குருவி இல்லாத நேரத்தில், கார் கடைசி வளைவைத் திரும்பியது. ஸ்டீபன் ஞானராஜ் எழுந்தார். கொடி ஆட்டுகிற ஆள் சாப்பிடப் போய்விட்டதால், கட்டம் போட்ட கொடியைத் தானே எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போய் நின்றார். கார் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அவர் கொடியை ஆட்டினார். ஒரு தடவை இல்லை, கார் கோட்டைத் தாண்டி முடிக்கும் வரைக்கும், கை வலிக்க வலிக்க ஆட்டினார்.

சென்னியப்பன் கொடியைப் பார்த்தார். வண்டிக்குள்ளிருந்து, தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். வெள்ளியங்கிரியும் நஞ்சப்பனும் தரையில் மல்லாந்து விழுந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்பது காரில் மூன்று நின்றுபோனதால் அவர்களுக்கு ஆறாவது இடம் என்று ஸ்டீபன் ஞானராஜ் சொன்னபோது, கோமளா நோட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஸ்டீபன் ஞானராஜுக்குக் கண் கலங்கியிருந்தது. சென்னியப்பனின் தோளைத் தட்டி, "ஜெயிச்சுட்டீங்க, போங்க," என்றார். "எஞ்சினும் நல்லா இருக்கு, நம்பரும் மாறலை. இனி கியரைப் போட்டு சந்தோஷமா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க."

சென்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பரிசோதிப்பதுதானே அவர் வேலை, கடைசி நிமிஷம் வரைக்கும் பரிசோதிக்கிறார். இதற்கெல்லாம் அசருகிற ஆளா சென்னியப்பன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, கள்ளச் சிரிப்போடு சொன்னார்.

"என்னங்கய்யா, நம்மளையே சோதிச்சுப் பாக்கறீங்களா? நாளைக்கு முழுக்கன்னு சொன்னீங்களே. ஞாயித்துக்கிழமை முடிய இன்னும் எட்டரை மணி நேரம் இருக்குதுங்க."

பின்னாலிருந்த இருவரும் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு, காருக்குத் தோளைக் கொடுத்தார்கள். கரட்டுமேடு பதினெட்டு கிலோமீட்டர்.